தைவானிய அமெரிக்கப் பிள்ளைகளும் அவர்களின் சாப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைவானிய அமெரிக்கர் என்று யாரைச் சொல்கிறோம்?

தைவானிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களையும், அங்கே பிறந்து வளர்ந்த அவர்களின் பிள்ளைகளையும். ஆசியர்களை ஒதுக்கிவைத்த பழைய குடியேற்ற ஒதுக்கீட்டை அமெரிக்கா 1965-இல் நீக்கியது. அதன்பின் வந்த தைவான்காரர்களில் நிறையப் பேர் பொறியியல், அறிவியல் மேற்படிப்புக்கு வந்த மாணவர்கள். படிப்பு முடிந்து வேலையில் அமர்ந்ததும் மனைவியை, தம்பி தங்கையை, பெற்றோரை அழைத்துக்கொண்டார்கள். 1982 முதல் தைவானுக்கென்று தனியாக ஆண்டுக்கு 20,000 இடங்கள் கிடைத்தன. குடியேற்றம் வேகம் பிடித்தது அப்போதுதான்.

ஆனால் எல்லாரும் ஒரே பின்னணி இல்லை. பல தலைமுறைகளாகத் தீவில் இருந்து ஹொக்கியென் என்னும் சீன மொழி பேசும் குடும்பங்கள் உண்டு, ஹக்கா என்னும் இன்னொரு சீன மொழி பேசும் குடும்பங்கள் உண்டு. 1949-ஐ ஒட்டிச் சீனப் பெருநிலத்திலிருந்து, உள்நாட்டுப் போரில் தோற்ற தேசியவாதப் படையோடு வந்து, மாண்டரின் பேசியவர்களின் வாரிசுகளும் உண்டு. எல்லாருக்கும் முன்பே தீவில் வாழ்ந்த பழங்குடி மக்கள் தனி. அமெரிக்காவில் வளரும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு முதலில் தெரிவது பெரும்பாலும் தட்டில்தான். ஒரு வீட்டில் காலையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்ட கஞ்சி, இன்னொரு வீட்டில் சோயாப்பாலும் பொரித்த மாவுக்குச்சியும்.

சீன அமெரிக்கர் என்றே சொல்லிவிட்டால் என்ன?

சிலர் தங்களை அப்படியே சொல்லிக்கொள்கிறார்கள். பலருக்கு அது ஒப்பாது. அவரவர் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே நாமும் சொல்வதுதான் மரியாதை.

இது படிவங்களிலும் இழுபறியாக இருந்த விஷயம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'சீனர்' என்று கட்டம் உண்டு, 'தைவானியர்' என்று கட்டம் கிடையாது. 'வேறு ஆசியர்' என்ற கட்டத்தைக் குறித்துவிட்டுப் பக்கத்தில் கையால் எழுத வேண்டும். தைவானில் பிறந்த அமெரிக்கக் குடிமக்களின் கடவுச்சீட்டில் பிறந்த இடம் 'தைவான்' என்று அச்சாவதற்கே 1994-இல் ஒரு சட்டப்பிரிவு தேவைப்பட்டது. அதுவரை 'சீனா' என்றுதான் இருந்தது.

வீட்டில் பெற்றோர் ஊர்க்கதை, அரசியல் எதுவும் சொல்லவில்லை என்று பலர் சொல்கிறார்களே, ஏன்?

பயம்தான் காரணம், அதற்கு நியாயமும் இருந்தது. தைவானில் 1949 முதல் 1987 ஜூலை 15 வரை ராணுவச் சட்டம் நடப்பில் இருந்தது. 1947 பிப்ரவரி 28-இல் தொடங்கிய கிளர்ச்சியும் அதன்பின் நடந்த படுகொலைகளும் வாய்விட்டுப் பேச முடியாத பொருளாக இருந்தன. பள்ளியில் ஹொக்கியென் பேசிய பிள்ளைகளுக்குத் தண்டனை கிடைத்தது.

அமெரிக்காவுக்கு வந்தும் அந்தப் பயம் விடவில்லை. பல்கலைக்கழகங்களில் சக மாணவர்களைக் கண்காணித்து ஊருக்குத் தகவல் அனுப்பியவர்கள் இருந்தார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சென் வென்-செங், 1981-இல் விடுமுறைக்குத் தைவான் போனபோது ராணுவச் சட்டத்தை நடத்திய தைவான் காவற்படைத் தலைமையகம் அவரை விசாரணைக்கு அழைத்தது. மறுநாள் அவர் பிணமாகக் கிடந்தார். 1984-இல் எழுத்தாளர் ஹென்றி லியூ கலிபோர்னியாவில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அனுப்பியது தைவான் ராணுவ உளவுப்பிரிவு என்பது பின்னால் நிரூபணமானது.

இதையெல்லாம் பார்த்தவர்கள் பிள்ளைகளிடம் 'நன்றாகப் படி, சாப்பிடு' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு ஊரைப் பற்றித் தடையில்லாமல் கிடைத்தது சாப்பாடு மட்டும். தைவானிய அமெரிக்கர்கள் ஏன் எப்போதும் உணவையே பேசுகிறார்கள் என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

அந்தச் சாப்பாட்டிலேயே அரசியல் இருக்கிறதா?

நிறைய. மாட்டிறைச்சி நூடுல்ஸ் சூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தைவானின் தேசிய உணவு என்றே சொல்கிறார்கள். ஆனால் உழவுக்கு உதவும் மாட்டைத் தின்பதில்லை என்பது தீவின் பழைய விவசாயக் குடும்பங்களின் வழக்கம். இன்றும் மாட்டிறைச்சி தொடாத முதியவர்கள் அங்கே உண்டு. காரமான அவரைப்பருப்பு விழுதும் சிவக்கக் கொதித்த சூப்பும், 1949-ஐ ஒட்டி வந்த ராணுவக் குடும்பங்களின் குடியிருப்புகளில் உருவானவை என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் போடும் நூடுல்ஸுக்கான கோதுமையோ, 1951 முதல் 1965 வரை வந்த அமெரிக்க உதவியால் பெருகியது. அரிசி தின்ற தீவு கோதுமைக்குப் பழகியது அந்த ஆண்டுகளில்தான்.

வீட்டில் முதலில் எதைச் சமைத்துப் பார்க்கலாம்?

லூ ரௌ ஃபான். சோயாவில் மெதுவாக வெந்த பன்றி இறைச்சியைச் சூடான சோற்றின்மேல் ஊற்றித் தருவது. செலவு குறைவு, கைத்திறன் அதிகம் வேண்டாம், பொறுமை மட்டும் வேண்டும்.

நான்கு பேருக்கு: தோலோடு பன்றி வயிற்றிறைச்சி 600 கிராம், சின்ன வெங்காயம் 150 கிராம், வெளிர் சோயா சாஸ் 60 மி.லி., அடர் சோயா சாஸ் 1 மேசைக்கரண்டி, அரிசி மது 60 மி.லி., கற்கண்டு 25 கிராம், அன்னாசிப்பூ 1, சீன ஐந்து மசாலாத்தூள் கால் தேக்கரண்டி, வெள்ளை மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, தண்ணீர் 600 மி.லி., அவித்து உரித்த முட்டை 4.

முதலில் வெங்காயம். இந்த உணவின் மணம் அதில்தான் இருக்கிறது, நம்மூர்ச் சின்ன வெங்காயம் இதற்கு அப்படியே பொருந்தும். 2 மி.மீ. வில்லைகளாக, ஒரே கனமாக நறுக்குங்கள். 150 மி.லி. எண்ணெயில், எண்ணெய் சூடாகும் முன்பே போட்டு, மிதமான தீயில் 10 முதல் 12 நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள். வெளிர்பொன் நிறம் வந்த உடனே வடித்துவிட வேண்டும். வடித்த பிறகும் அதன் சூட்டிலேயே நிறம் ஏறும். சட்டியிலேயே பழுப்பாகும்வரை விட்டால் தட்டுக்கு வரும்போது கருகிக் கசக்கும், அந்தக் கசப்பை எந்தச் சர்க்கரையாலும் மறைக்க முடியாது.

இறைச்சியை உறைபெட்டியில் 30 நிமிடம் வைத்தால் விறைக்கும், பிறகு 1 செ.மீ. கனத்தில் குச்சிகளாக வெட்டுவது எளிது. வெங்காயம் பொரித்த எண்ணெயில் 2 மேசைக்கரண்டி எடுத்து, இறைச்சியின் ஓரம் சிவக்கும்வரை வதக்குங்கள். கற்கண்டு போட்டுக் கரைந்ததும் அரிசி மது ஊற்றி ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். சோயா இரண்டும், மசாலா, மிளகு, தண்ணீர், பொரித்த வெங்காயத்தில் முக்கால் பங்கு சேர்த்து, மூடி, மிகச் சிறிய தீயில் ஒன்றரை மணி நேரம். கடைசி 40 நிமிடத்தில் முட்டைகளைப் போடுங்கள். மீதி வெங்காயம் இறக்கியபின்.

குழம்பு தண்ணீராகவே இருக்கிறதா? தோல் இல்லாத இறைச்சியோ, கடையில் அரைத்த கொழுப்பற்ற இறைச்சியோ போட்டிருப்பீர்கள். உதட்டில் ஒட்டுகிற அந்தப் பிசுபிசுப்பு தோலிலிருந்து வருவது. இறைச்சி நார்நாராக வறண்டால் தீ அதிகம். சாப்பிட்டால் மருந்துக்கடை மணம் அடித்தால் ஐந்து மசாலாத்தூள் கூடிவிட்டது. தூள் கால் தேக்கரண்டியைத் தாண்ட வேண்டாம்.

இறைச்சி சாப்பிடாதவர்கள் என்ன செய்வது?

தைவானில் பௌத்த சைவ உணவகங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. ஷீடாகே காளானும் கெட்டி டோஃபுவும் பொடியாக நறுக்கி, இதே முறையில் 30 நிமிடம் வேகவைத்தால் போதும். காளான் ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் குழம்புக்குச் சேருங்கள். ஒரே எச்சரிக்கை: கண்டிப்பான பௌத்த சைவத்தில் வெங்காயமும் பூண்டும் கிடையாது. அத்தகைய நண்பரை விருந்துக்கு அழைத்தால் பொரித்த வெங்காயத்துக்குப் பதில் காளான் தண்டைப் பிய்த்து மொறுமொறுவெனப் பொரித்துப் போடலாம்.

எள்ளெண்ணெய், சோயா சாஸ், அரிசி மது மூன்றிலும் வேகும் 'மூன்று கோப்பைக் கோழி'க்கு நல்லெண்ணெய் ஆகுமா? துளசி ஆகுமா?

நல்லெண்ணெய் ஓரளவுதான். நம்முடையது பெரும்பாலும் வறுக்காத எள்ளை ஆட்டியது. தைவானில் இதற்கு வாங்குவது நன்றாக வறுத்த கறுப்பு எள்ளின் எண்ணெய், நிறமும் மணமும் அடர்த்தி. அது கிடைக்காத இடத்தில் 2 மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் இஞ்சியை வதக்கி, இறக்கும்போது வறுத்த எள்ளெண்ணெய் 1 மேசைக்கரண்டி ஊற்றலாம்.

துளசி வேண்டாம், வாசனையே வேறு. திருநீற்றுப்பச்சிலை இருந்தால் அதைப் போடுங்கள். சப்ஜா விதை தருகிற அந்தச் செடியும் தைவான் சமையலில் போடும் தழையும் ஒரே தாவர இனம்.

எலும்போடு வெட்டிய கோழித்தொடை 800 கிராமுக்கு எண்ணெய் 3 மேசைக்கரண்டி, சோயா சாஸ் 4 மேசைக்கரண்டி, அரிசி மது 120 மி.லி., சர்க்கரை 1 மேசைக்கரண்டி, இஞ்சி 40 கிராம், பூண்டு 12 பல். பெயரை நம்பி மூன்றிலும் ஒரு கோப்பை ஊற்றினால் வாயில் வைக்க முடியாத உப்பும் எண்ணெயுமாக இருக்கும். இஞ்சி வில்லையின் ஓரம் சுருளும்வரை சிறு தீயில் வதக்குவது முக்கியம், ஏனென்றால் வறுத்த எள்ளெண்ணெய் பெருந்தீயில் கசந்துவிடும். கோழி சிவந்ததும் மற்றவற்றை ஊற்றி, சாறு வற்றிப் பளபளப்பாக ஒட்டும்வரை சுமார் 20 நிமிடம். தழை இரண்டு கைப்பிடி, அடுப்பை அணைத்த பிறகு.

எல்லா வீட்டிலும் ஒரு பச்சை நிறச் சோற்றுப்பானை இருக்கிறதே, அது என்ன?

டாடுங் மின்பானை. 1960-இல் விற்பனைக்கு வந்தது. வெளிப்பானையில் தண்ணீர், உள்பானையில் சோறு. வெளித்தண்ணீர் வற்றியதும் விசை தானாக மேலே எழும்பும். அரிசி அளக்கும் 180 மி.லி. குவளையில் ஒரு குவளை ஊற்றினால் ஏறக்குறைய 20 முதல் 25 நிமிட ஆவி. விசை எழும்பியதும் திறக்காமல் இன்னும் 15 நிமிடம் விட்டால்தான் மேல்சோறு வேகும்.

மாணவர்கள் இதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனதற்கு வசதியான காரணம் உண்டு. தைவானில் 110 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட், இரண்டிலும் 60 ஹெர்ட்ஸ், செருகியும் ஒரே தட்டைப்பல் வகை. இந்தியாவில் 230 வோல்ட்டில் நேரே செருகினால் எரிந்துபோகும். தைவானிலிருந்து வாங்கிவர நினைப்பவர்கள் வாட் அளவுக்குப் போதுமான மின்மாற்றியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பால்தேநீரில் போடும் மரவள்ளி மாவு மணியான போபா வீட்டில் கல்லாகிவிடுகிறது, அல்லது கூழாகிவிடுகிறது. என்ன தப்பு?

பெரும்பாலும் தண்ணீர்தான். உலர்ந்த போபா மணி 100 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணீர் வேண்டும், அது தளதளவெனக் கொதித்த பிறகே மணியைப் போட வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டால் வெளிமாவு கரைந்து ஒரே கூழ். போட்டதும் அடியில் ஒட்டாமல் ஒரு தடவை மட்டும் மெல்லக் கிளறுங்கள். மிதந்ததும் மூடி, மிதமான தீயில் 25 முதல் 30 நிமிடம், அணைத்து மூடியபடியே இன்னும் 25 நிமிடம். ஒரு மணியைக் கடித்துப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் வேகவில்லை. வடித்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, கரும்புச் சர்க்கரைப் பாகில் ஊறவிடுங்கள். 60 கிராம் நாட்டுச்சர்க்கரையை 60 மி.லி. தண்ணீரில் காய்ச்சினால் போதும், தைவானின் கறுப்புச் சர்க்கரைக்கு அது மிக நெருக்கம்.

சில பொட்டலங்கள் 5 நிமிடத்தில் வேகும் வகை. அவற்றை 30 நிமிடம் வேகவிட்டால் கரைந்துவிடும், அட்டையைப் படியுங்கள். குளிர்பெட்டியில் வைக்கவே கூடாது. வெந்த மாவு குளிர்ந்தால் மீண்டும் இறுகும், அந்தக் கல் அப்படி வருவதுதான். நான்கு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும் அளவுக்கு மட்டும் வேகவையுங்கள்.

சேலத்து ஜவ்வரிசியும் மரவள்ளி மாவுதானே, அதைப் போடலாமா என்று தமிழ் வாசகர்கள் கட்டாயம் கேட்பார்கள். மூலப்பொருள் ஒன்றே, பயன் வேறு. ஜவ்வரிசி சிறிது, வெந்தால் குழையும். போபா 8 முதல் 10 மி.மீ. அளவில் இறுக்கமாக உருட்டியது, மெல்ல வேண்டும்.

தேநீர் கடுப்பாக இருக்கட்டும். 250 மி.லி. தண்ணீருக்குக் கறுப்புத் தேயிலை 8 கிராம், 5 நிமிடம். பனிக்கட்டி உருகிப் பாதியை நீர்த்துப்போகச் செய்துவிடும். பல பழைய கடைகளின் சுவை வேண்டுமென்றால் பாலுக்குப் பதில் பாலில்லாத க்ரீமர் தூள்தான் போட வேண்டும், நல்ல பால் ஊற்றினால் அந்தச் சுவை வராது.

போபாவைக் கண்டுபிடித்தது யார்?

தாய்ச்சுங் நகரின் சுன் ஷுயி டாங் கடையும் தாய்நான் நகரின் ஹான் லின் கடையும் தாங்களே என்கின்றன. 1980-களின் பிற்பகுதியில் நடந்தது. இருவரும் நீதிமன்றம்வரை போயும் யாருக்கும் தனியுரிமை கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் இதெல்லாம் எங்கே கிடைக்கிறது?

லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே சான் கேப்ரியல் பள்ளத்தாக்குதான் மையம். 1970-களின் பிற்பகுதியிலிருந்து தைவான் குடும்பங்கள் மான்டெரி பார்க்கில் வீடு வாங்கின. 'குட்டித் தாய்பெய்' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. பிறகு ஹசீண்டா ஹைட்ஸ், ரோலண்ட் ஹைட்ஸ், ஆர்கேடியா என்று கிழக்கே பரவின. ஹசீண்டா ஹைட்ஸில் 1988-இல் கட்டி முடித்த ஷீ லாய் பௌத்தக் கோயிலில் சைவச் சாப்பாடும் உண்டு. நியூயார்க்கில் ஃப்ளஷிங், வட கலிபோர்னியாவில் கூப்பர்டினோ, ஃப்ரீமாண்ட், டெக்சஸில் ஹூஸ்டனின் பெல்லேர் பகுதி.

சமையல் பொருளுக்கு 99 ரான்ச் மார்க்கெட். தைவானிலிருந்து வந்த ரோஜர் சென் 1984-இல் கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டரில் தொடங்கியது. சூப் நிறைந்த கொழுக்கட்டைக்குப் பேர்போன டின் டாய் ஃபங் 2000-இல் ஆர்கேடியாவில் அமெரிக்காவின் முதல் கிளையைத் திறந்தது.

பாட்டும் தொடரும் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்தன?

முதலில் எழுத்தறிவு தந்தன. தைவான் தொலைக்காட்சியில் பேச்சு மாண்டரினாக இருந்தாலும் திரையடியில் எழுத்து ஓடும், அதுவும் மரபுச் சீன எழுத்தில். ஞாயிறு சீனப் பள்ளியில் ஏறாத எழுத்துகள், 2001-இல் வந்த, எஃப் ஃபோர் எனப்பட்ட நடிகர் நால்வரின் காதல் தொடரிலும் ஜெய் சௌ பாடல்களின் கரவோகே திரையிலும் ஏறின. அமெரிக்கப் பள்ளியில் தன்னைப்போன்ற முகம் கேலிக்குரியதாக இருந்த காலத்தில், அதே முகம் நாயகனாக நின்றதைப் பார்ப்பது சின்ன விஷயம் இல்லை.

பிறகு 2012 பிப்ரவரி வந்தது. பாலோ ஆல்டோவில் வளர்ந்து ஹார்வர்டில் படித்த ஜெரமி லின், எந்த அணியும் தேர்வு செய்யாமல் விட்ட கூடைப்பந்து ஆட்டக்காரர். நியூயார்க் நிக்ஸ் அணிக்கு வேறு வழியில்லாமல் களமிறக்கப்பட்டு, தொடர்ந்து ஏழு வெற்றி தேடித் தந்தார். லேக்கர்ஸுக்கு எதிராக மட்டும் 38 புள்ளிகள். அவர் பெற்றோர் தைவானிலிருந்து வந்தவர்கள் என்பதால் தைவானும் சீனாவும் அவரைத் தங்கள் பிள்ளை என்றன. அதே மாதம் ஒரு விளையாட்டு ஊடகம் இனவசைச் சொல் கொண்ட தலைப்பைப் போட்டு, அதை எழுதியவரை வேலையிலிருந்து நீக்கியது. கொண்டாட்டமும் காயமும் ஒரே மாதத்தில்.

2015 முதல் 2020 வரை ஓடிய 'ஃப்ரெஷ் ஆஃப் தி போட்', 1990-களின் ஆர்லாண்டோவில் ஒரு தைவானியக் குடும்பத்தைக் காட்டியது. ஆசிய அமெரிக்கக் குடும்பத்தை மையமாக வைத்து பெரிய தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று எடுத்த நகைச்சுவைத் தொடர், 1994-க்குப் பிறகு அதுதான். எந்த வாழ்க்கையிலிருந்து அது எடுக்கப்பட்டதோ அந்த எட்டி ஹுவாங்கே, தன் கதையை மழுங்கடித்துவிட்டார்கள் என்று வெளிப்படையாகக் குறைசொன்னார். அவர் குறையில் உண்மை உண்டு. ஆனாலும் பல வீடுகளில் மூன்று தலைமுறை சேர்ந்து உட்கார்ந்து பார்த்த அமெரிக்கத் தொடர் அது.

போபா குடிப்பதையே அடையாளம் என்பது மேலோட்டம் இல்லையா?

குடிப்பதோடு நின்றுவிட்டால் மேலோட்டம்தான். இந்த விமர்சனத்தை ஆசிய அமெரிக்க இளைஞர்களே வைக்கிறார்கள். சாப்பாட்டை மட்டும் கொண்டாடி, மொழியையும் வரலாற்றையும் தொழிலாளர் பிரச்சினையையும் விட்டுவிடுகிறோம் என்பது அவர்கள் வாதம். பள்ளியில் மதியச் சோற்றைத் திறந்ததும் சக பிள்ளைகள் மூக்கைப் பொத்திய கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் சலிப்புத் தட்டிவிட்டது. கூப்பர்டினோவில் வளர்ந்த பிள்ளைக்கு அது நடந்தே இருக்காது, வகுப்பில் பாதிப்பேர் அதே சோற்றைக் கொண்டுவந்திருப்பார்கள்.

எங்கள் கருத்து: சாப்பாட்டை வாசலாக வைத்துக்கொள்ளலாம். இந்த ஊறுகாய் எந்த ஊர், யார் கற்றுக்கொடுத்தது, அவர் எந்த ஆண்டு தீவுக்கு வந்தார் என்று அடுத்தடுத்துக் கேட்டால், 'அரசியல் பேசாதே' என்ற பெரியவர்களே பேசத் தொடங்குவதுண்டு.

எந்த மொழியைக் கற்பது? மாண்டரினா, ஹொக்கியெனா?

பாட்டி எதில் பேசுகிறாரோ அதை முதலில். மாண்டரினுக்கு வகுப்பும் பாடநூலும் எளிதாகக் கிடைக்கும், பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். ஹொக்கியென் பேசும் முதியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அதற்குத்தான் அவசரம். மாண்டரின் வகுப்பில் சேரும்போது மரபு எழுத்தும், தைவானில் ஒலிப்பைக் காட்டப் பயன்படும் போபொமோஃபோ குறிகளும் கற்பிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில், ஒலிப்பை ரோமன் எழுத்தில் காட்டும் பின்யினும் சீனாவில் புழங்கும் எளிதாக்கிய எழுத்தும்தான். அதை மட்டும் படித்தவருக்குத் தாத்தாவின் கடிதம் பாதிதான் புரியும். போபொமோஃபோவின் 37 குறிகளைப் பழகிவிட்டால், கைபேசியில் அந்த விசைப்பலகையைப் போட்டு ஊருக்கு நேராகவே எழுதலாம்.

பாட்டியின் சமையலை எப்படி எழுதி வைப்பது? அளவு கேட்டால் 'பார்த்துப் போடு' என்கிறார்.

அளவைக் கேட்காதீர்கள், எடை போடுங்கள். சமைக்கும் முன் சோயா சாஸ் புட்டியைச் சமையல் தராசில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் மறுபடி வையுங்கள். குறைந்த எடைதான் அவர் ஊற்றிய அளவு. சர்க்கரை டப்பா, அரிசி மது, எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே வழி. பாத்திரத்தின் விட்டத்தையும் எழுதுங்கள். அகலச் சட்டியில் சாறு வேகமாக வற்றும், அதே தண்ணீர் அளவு குறுகிய பானைக்குச் சரிவராது.

புட்டிகளின் முன்பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சோயா சாஸ் நிறுவனத்துக்கு நிறுவனம் உப்பு மாறும், வேறு புட்டியில் அதே 60 மி.லி. கைப்பான உப்பாகிவிடலாம். கைபேசியை அடுப்புக்குப் பக்கத்தில் ஒலிப்பதிவில் வையுங்கள், முகத்துக்கு நேரே படம் பிடித்தால் பலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவர் எந்த மொழியில் சொன்னாரோ அந்தச் சொற்களையே எழுதி, மொழிபெயர்ப்பைக் கீழே போடுங்கள். பிறகு அவர் இருக்கும்போதே நீங்கள் ஒருமுறை சமைத்து, அவரைச் சுவைக்கச் சொல்லித் திருத்துங்கள். 'இன்னும் கொஞ்சம்' என்று அவர் புட்டியைக் கவிழ்ப்பார். அதையும் எடை போட்டுச் சேருங்கள்.